கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையைப் பிறிதொன்றின் தலையில் ஏற்றுவோரை இடித்துரைக்க நம் முன்னோர் சொல்லிவைத்த மொழி இது. வீட்டிலிருந்தபடியே குரல் பதிவு செய்யப் புகுந்திருக்கும் இன்றைய மாணவ நண்பர்களோ கூடத்தைக் குறை சொல்வதில்லை. ஒலிவாங்கியைக் குறை சொல்லுகிறார்கள். ஒன்று சரியில்லை என்று இன்னொன்று. அதுவும் சரியில்லை என்று மற்றொன்று. உள்ளபடியே குற்றம் கூடத்தில் இருக்க, அதை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. பழமொழியைத் திருப்பிப் போட்டுப் படிக்கவேண்டிய துறை ஒன்று உண்டெனில் அது இதுதான்.

நம்மில் எத்தனை பேர் இத்தொழிலில் கை வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். குறும்படத்துக்குப் பின்னணிக் குரல், ஜவுளிக் கடை விளம்பரத்துக்கு அரை நிமிடப் பேச்சு, யூடியூபில் தேர்வுப் பாடம், பார்வையற்ற தோழருக்காக ஒரு பாடநூல் வாசிப்பு: இப்படி ஏதேனும் ஒன்று. முன்னாளில் ஒலிவாங்கி என்பது அரிய பொருள். சென்னையில் வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோதும், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் திறக்கப்பட்டபோதும், அதன்முன் நிற்பதே ஒரு பேறாக இருந்தது. எந்த ஒலிவாங்கி வேண்டும் என்று பேச்சாளரை எவரும் கேட்கவில்லை. இன்று அது சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் பொருளாகிவிட்டது. கைக்கு எட்டிய பிறகுதான் ‘இதுவா, அதுவா’ என்ற மயக்கமும் வந்தது. முதலில் கைப்பேசியோடு வந்த செவிக்கருவி. அடுத்து காலர் மைக். பிறகு கணினியில் நேரே செருகும் யூஎஸ்பி மைக். பிறகு ‘ஸ்டூடியோத் தரம்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும் கண்டென்சர் மைக். உதவித்தொகை வந்த மாதமெல்லாம் ஒரு பெட்டி! குரல் மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது.

நான் சொல்லவருவது இது: எடுத்த வேலை முடியும்வரை ஒலிவாங்கியை மாற்றாதே, மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் அறையை மாற்று, அடுத்து தூரத்தை மாற்று, அதன்பின் கருவியைப் பற்றிப் பேசலாம். இதைச் சொன்னால் ‘கருவி வாங்க வசதியில்லாதவன் சொல்லும் சமாதானம்’ என்று நகைப்பார் உளர். நகைக்கட்டும். சற்றே பொறுத்துக் கணக்கையும் பார்க்கட்டும்.

எனக்கு நன்கு தெரிந்த தடாவையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கிவிடும். அந்த எல்லையில் இருக்கும் ஊர். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம். அதன்பின் திருப்பதி மாவட்டம். மேற்கே ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகள். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஊரை ஒட்டி 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னை – கூடூர் இருப்புப் பாதையும். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கும். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்கள் அத்தனை அருகில் இருந்தும், போகவர ஒரு நாளும் பயணச் செலவும் ஆவதால், இங்குள்ள இளைஞர் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பவே விரும்புவர். இயல்புதான்.

அவ்வீட்டின் அறை எப்படிப்பட்டது? பத்தடிக்குப் பத்தடி. உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. மேலே கான்கிரீட், கீழே வழவழப்பான டைல்ஸ், சுவரோரம் இரும்பு பீரோ. தூய தமிழில் ‘தடா’ என்றால் பெரிய பானை என்று ஒரு பொருள் உண்டு. ஆண்டாள் நூறு தடா வெண்ணெய் நேர்ந்த செய்தியை நாம் அறிவோம். அந்தப் பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இந்த அறையில் பதிவான குரலும் இருக்கும். காரணம் எளியது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். பத்தடி என்பது மூன்று மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது நொடிக்கு 57 அதிர்வுகள் என்ற அளவிலும், அதன் இருமடங்கான 114-இலும், மும்மடங்கிலும் அறை தானே முழங்கத் தொடங்குகிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வோ பெரும்பாலும் நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில்தான். ஆகவே நாம் பேசும்போது கூடவே அறையும் பேசுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தாலோ மூன்றும் சேர்ந்து ஒரே சுருதியில் முழங்கும்.

இங்கேதான் பழமொழி தலைகீழாகிறது. நல்ல ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவற்றில் சுவர்களை வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் சாய்த்துக் கட்டுகிறார்கள். கூடம் கோணலாக இருக்கவேண்டும் என்பதே அங்கே இலக்கணம்! நம் வீட்டு அறையின் குற்றம் அது கோணலாக இருப்பதன்று. கோணலே இல்லாமல் சதுரமாக இருப்பதுதான்.

அறையைக் கோணலாக்க வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். ஆனால் மெத்தையைச் சுவரில் சாய்க்க எவர் ஒப்புதலும் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, கனத்த சமுக்காளம் ஒன்று, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தால் அதுவும் ஒன்று. முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்பார் சிலர். அந்த மெல்லிய அட்டை இந்த முழக்கத்தை ஒன்றும் செய்யாது. கனமும் தடிமனும் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் மேலை நாட்டுப் பெரிய வானொலிகளின் அறிவிப்பாளர்களே துணி அலமாரிக்குள் நின்றும், தலைமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டும் பேசினார்கள். அன்று அவர்களுக்குக் குறைவாக இருந்தது ஒலிவாங்கியன்று, அறை.

அடுத்து தூரம். இதைப்போல் இலவசமாகக் கிடைக்கும் கருவி வேறொன்றில்லை. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள இடைவெளி பாதியானால் குரலின் ஒலியழுத்தம் இரண்டு மடங்காகும். கணக்கர் மொழியில் 6 டெசிபெல். அறையின் முழக்கமும், மின்விசிறியின் இரைச்சலும், நெடுஞ்சாலை லாரியின் ஹாரனும் இருந்த அளவிலேயே நிற்கும். 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் 12 டெசிபெல் முன்னே வந்துவிடுகிறது. இந்த முப்பது சென்டிமீட்டர் தரும் பயனை மூன்றாவது ஒலிவாங்கி தருமா? தராது.

‘கண்டென்சர் மைக் அறையையெல்லாம் இழுத்துக்கொள்கிறது; டைனமிக் மைக்குக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று சொல்லாத ஆள் இல்லை. இதில் பாதிதான் உண்மை. இரண்டும் ஒரே திசைக்கூர்மை உடையவையாய், ஒரே தூரத்தில் வைக்கப்பட்டால், குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கண்டென்சரை மேசைமேல் நிறுத்திச் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறோம். டைனமிக்கை உதட்டருகே கொண்டுபோகிறோம். மாறியது தூரம், புகழ் கருவிக்கு! இந்த ஒன்றை அறிந்துகொண்டால் நம் நண்பர்களில் பாதிப்பேருக்கு ஒரு பருவக் கட்டணமே மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

நெருங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஒலிவாங்கிகளில், மிக நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் வீங்கிவிடும். பேசுகிறவருக்கு அது கம்பீரமாகத் தோன்றும். தமிழுக்கோ அது தீங்கு. நம் ழகரத்தையும் ளகரத்தையும், நகரத்தையும் ணகரத்தையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடுகள் நடுத்தர, உயர்ந்த அதிர்வுகளில் இருக்கின்றன. அடியில் வீக்கம் மிகுந்தால் மேலே நிற்கும் எழுத்து மங்கும். நாக்கை மடித்து ஒழுங்காகச் சொன்ன ‘பழம்’ கேட்பவர் காதில் ‘பளம்’ ஆகும். இன்னொன்று: ஆங்கில வழிகாட்டிகளில் ‘பகர ஒலிகள் வெடிக்கும், தள்ளி நில்லுங்கள்’ என்றிருப்பதை அப்படியே நாம் பின்பற்றவேண்டியதில்லை. ஆங்கிலேயர் சொல் முதலில் பகரத்தை மூச்சோடு ஊதிச் சொல்வர். நம் பகரம் அவ்வளவு மூச்சை வெளியிடுவதில்லை. ஒரு சாண் தள்ளி, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் நமக்குப் போதும். நம்மைத் தொல்லைப்படுத்துவது சகரமே. உயர்ந்த அதிர்வுகளை மிகைப்படுத்தும் மலிவான கண்டென்சர்களில் ‘செய்தி’, ‘சில’, ‘சொல்’ எல்லாம் சாரைப்பாம்பாகச் சீறும்.

ஒலிவாங்கிகளில் வேறுபாடே இல்லை என்கிறேனா? இல்லை. வேறுபாடு உண்டு, அது விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை என்கிறேன். தடாவுக்கு மிகவும் பொருந்துவது ஒன்றைச் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரிக் காற்று உப்பும் ஈரமும் நிறைந்தது. கண்டென்சரின் உள்ளே மெல்லிய தகடும் அதற்கு எதிராக ஓர் உலோகப் பலகையும் மயிரிழை இடைவெளியில் மின்னேற்றத்தோடு நிற்கின்றன. ஈரம் படிந்தால் அந்த மின்னேற்றம் கசியும். நெல் பொரிவதுபோல் படபடவென்று ஒலிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கப் புறப்படவேண்டாம்; உலர்ந்த பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காந்தமும் சுருளும் கொண்ட டைனமிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏரிக்கரை ஊரில் ஒன்றே ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் நான் டைனமிக்கைத்தான் சொல்வேன். அது ஏழைகளின் கருவி என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: 1982-இல் வெளிவந்து உலகையே ஆட்டிவைத்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ தொகுப்பில், அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்டது ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7 என்னும் டைனமிக் ஒலிவாங்கி. அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கண்டென்சர்கள் அந்நாளில் இல்லாமலா போயின?

இனி இதன் நெஞ்சுக்கு வருகிறேன். நடுவழியில் மாற்றுவதால் யாருக்கு நட்டம்?

விளம்பரம் பேசுகிறவர் மாற்றினால் கடைக்காரர் கவனிக்கப்போவதில்லை. அரை நிமிடத்தில் முடிந்துபோகும். ஆனால் ஒரு பாடநூலை வாசிக்கிறோம். கேட்கப்போகிறவர் பார்வையற்ற மாணவர். அவருக்கு அந்த ஒலிதான் பக்கம்; அதுதான் எழுத்து; அதுதான் புத்தகத்தின் தாளும் அச்சும். முதல் மூன்று இயல்களை ஒரு கருவியில் வாசித்து, நான்காம் இயலை வேறொன்றில் வாசித்தால், அச்சுநூலில் திடீரென்று எழுத்தின் உருவும் அளவும் தாளின் நிறமும் மாறியதுபோல் அவருக்கு இருக்கும். கண்ணுள்ளவருக்கு அப்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் பதிப்பகத்தாரைச் சும்மா விடுவாரா? தேர்வுக்கு முதல்நாள் இரவு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவர், ஒரு குரலுக்குப் பழகி, அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக்கூடக் கேட்பார். அந்தப் பழக்கத்தை நாம் பாதியில் கலைத்துவிடுகிறோம்.

அளவிலும் இது சிறு மாற்றமன்று. நல்ல கண்டென்சர் ஒன்றும் டைனமிக் ஒன்றும் ஒரே குரலுக்குத் தரும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு நியூமன் யூ87ஏஐ தருவது 28 மில்லிவோல்ட். ஷூர் எஸ்எம்7பி தருவது ஒன்றுக்குச் சற்றே மேல். இருபத்தைந்து மடங்கு! ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது பெருக்கியின் திருகைக் கண்டபடி ஏற்றவேண்டும். ஏற்றினால் அதன் இரைச்சலும் ஏறும். ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் என்னும் அமைப்பு, சராசரி ஒலி மட்டம் மைனஸ் 23-க்கும் 18-க்கும் இடையிலும், மௌனத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. நூல் முழுதும் ஒரே சீராக ஒலிக்கவேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. வாணிகத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் கல்விக்கு எவ்வளவு வேண்டும்!

இவ்விடத்தில் நம் தோழர்கள் பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ‘நூலாசிரியர் அனுமதியின்றி எப்படிப் பதிவு செய்வது?’ என்று தயங்குவோர் உண்டு. 2012-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலைப் படியெடுப்பதற்கு இலாபநோக்கின்றிச் செய்யும்வரை இடம் கொடுக்கிறது. பார்வையற்றோர்க்கு நூல்கள் கிடைக்கவேண்டும் என்று 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். வாசல் திறந்து பத்தாண்டுக்கும் மேலாகிறது. உள்ளே போகவேண்டியவர்கள் எந்த மைக் வாங்குவது என்று வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒலிவாங்கியை மாற்றுவது குற்றமன்று, நன்மையே என்னும் இடமும் ஒன்றுண்டு. கணினிக்குத் தமிழ்ப் பேச்சைக் கற்பிக்கக் குரல் திரட்டுகிறார்கள். மொசில்லா 2017-இல் தொடங்கிய ‘காமன் வாய்ஸ்’ திரட்டில் தமிழும் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளுக்கு ‘இண்டிக்வாய்சஸ்’ என்னும் திரட்டை உருவாக்கியிருக்கிறது. அங்கே ஒரே மாதிரியான குரலும் ஒரே மாதிரியான கருவியும் வந்து குவிந்தால் கணினி அதை மட்டுமே அறியும். கைப்பேசியில் ஒரு நாள், காலர் மைக்கில் ஒரு நாள், மின்விசிறி ஓட ஒரு நாள், லாரி போக ஒரு நாள் என்று கலந்து கொடுத்தால்தான் நாளை அது தெருவில் பேசுவதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும். ஒரே நண்பர், ஒரே அறையில், காலையில் பாடநூலுக்கு ஒரு கருவியைவிட்டு அசையாமலும், மாலையில் இத்திரட்டுக்குக் கையில் கிடைத்ததிலெல்லாமும் பேசலாம். முரண்பாடு இல்லை; கேட்பவர் வேறு.

இதில் எனக்கு இன்னொரு அக்கறையும் உண்டு, அதை மறைப்பானேன்? கருவி மாற்றும் ஆசைக்கு அடியில் பல நேரங்களில் ஒரு நாணம் ஒளிந்திருக்கிறது. தடாவிலும், சத்தியவேட்டிலும், சூளூர்ப்பேட்டையிலும் பேசும் தமிழுக்கு ஒரு தனி நடை இருக்கிறது. அது வானொலித் தமிழன்று, திரைப்படத் தமிழுமன்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததும், 1960-இல் திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேட்டுப் பகுதி அந்தப் பக்கமுமாகக் கைமாறியதும் நாட்டுப்படத்தில் கோடு போட்டன, நாக்கில் போடவில்லை. அந்த நடையில் பேசும் இளைஞர் தம் பதிவைத் திரும்பக் கேட்டதும் ‘ஏதோ குறைகிறது’ என்கிறார். குறைவது கருவியில் என்று எண்ணி இன்னொன்று வாங்குகிறார். அடுத்ததிலும் அதே குரல் வருகிறது! வராமல் என்ன செய்யும்? அது அவர் குரல். போதாக்குறைக்கு, நம் குரல் நமக்கே எலும்பு வழியாகவும் கேட்பதால், எந்தப் பதிவிலும் அது மெலிந்து அயலாகவே தோன்றும். சிறந்த வானொலி அறிவிப்பாளருக்கும் இதே கதிதான். இதற்கு மருந்து கடையில் இல்லை. சொல்லப்போனால், அந்த எல்லைத் தமிழ் எந்தத் திரட்டிலும் போதிய அளவு இல்லாமலிருக்க, அதைப் பேசத் தெரிந்தவரே வெட்கப்பட்டு மூடிவைத்தால் வேறு யார் பேசித் தருவார்?

உண்மையாகவே இரண்டு ஒலிவாங்கிகளுள் ஒன்றைத் தேர வேண்டியிருந்தால் அதற்கும் முறை உண்டு. வேலை தொடங்குமுன், ஒரே பத்து வரிகளை, ஒரே தூரத்தில், இரண்டிலும் பதிவு செய்யுங்கள். பின் இரண்டின் ஒலி மட்டத்தையும் கணினியில் சமமாக்குங்கள். இது மிக முக்கியம், ஏனெனில் மனிதக் காது உரக்கக் கேட்பதையே நல்லதென்று நம்பும். பிறகு பெயர் சொல்லாமல் ஒரு தோழரிடம் கொடுத்துக் கேளுங்கள்: ‘எந்தக் குரலை ஒரு மணி நேரம் கேட்பாய்?’ எது அழகு என்று கேட்கவேண்டாம்.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு ஒலிப்பதிவுக்கென்று பணம் ஒதுக்கும் பேச்சு அடிபடுகிறது. நான்கைந்து வகை ஒலிவாங்கிகள் வாங்கி உறுப்பினர்க்கு மாற்றி மாற்றி இரவல் தரலாம் என்பது சிலர் கருத்து. நான் மறுக்கிறேன். ஒரே வகையில் இரண்டு டைனமிக் வாங்குவோம். இரண்டாவது, முதலாவது பழுதானால் அதே குரலில் தொடர்வதற்கு. மிச்சப் பணத்துக்குக் கனத்த மெத்தைகள் வாங்கிச் சங்கத்தின் பின்னறையில் மூன்று பக்கமும் சாய்ப்போம். ஒலிவாங்கிக் காலில் ஒரு கயிறு கட்டி, ஒரு சாண் தூரத்தில் முடிச்சுப் போடுவோம். பேசவருபவர் முடிச்சை முகவாயில் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரட்டும். அருகில் ஒரு குறிப்பேடு: நாள், நேரம், நூல், பக்கம், பெருக்கியின் திருகு நின்ற எண். ஒரு சொல் தவறிப்போய் மறுவாரம் வந்து திருத்தவேண்டியவர், அந்த எண்ணுக்கே திருகை வைத்து, அதே முடிச்சில், கூடுமானால் அதே வேளையில் பேசட்டும். காலைக் குரலும் மாலைக் குரலும் ஒன்றல்ல. முதல் நூலாக எதை எடுப்பது என்பதை நாம் முடிவு செய்யவேண்டாம். நம் விடுதியிலேயே இருக்கும் பார்வையற்ற தோழர்கள் எந்தப் பாடத்துக்கு நூல் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டு, வரும் கூட்டத்துக்குள் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம். ஐப்பசி பிறக்குமுன் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிட வேண்டும். டைனமிக்குக்கு அன்று, உறுப்பினர்கள் வீட்டில் முன்பே வாங்கி வைத்திருக்கும் கண்டென்சர்களுக்கு.